யார் யாருக்குக் கணக்குக் காட்டுவது? அரசு தோன்றிய விதமும் அதன் நோக்கமும் வகைகளும்

மனிதர்கள் முதன்முதலில் எழுதி வைத்தவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பெரும்பகுதி கணக்குதான். இன்றைய இராக்கின் தெற்கே இருந்த உருக் நகரத்தின் கோயில் வளாகத்தில் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகளுக்கு வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். இவ்வளவு பார்லி வந்தது, இத்தனை ஆடுகள் பட்டியில் நிற்கின்றன, இன்னாருக்கு இவ்வளவு படி அளக்கப்பட்டது என்று ஈரக் களிமண்ணில் கீறி வைத்திருக்கிறார்கள். அதே குவியலில் பதவிகளின் வரிசைப் பட்டியலும் உண்டு. அங்கே ஒரே அளவிலான முரட்டு மண் கிண்ணங்களும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. வேலையாட்களுக்குப் படியளக்க அவை பயன்பட்டிருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

வரவு, செலவு, அதிகாரி, கூலி. அரசின் எலும்புக்கூடு அந்தப் பலகைகளிலேயே தெரிகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு எப்படித் தோன்றியது என்பதும் அது எதற்காக இருக்க வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஆள்பவர்கள் மக்களின் விளைச்சலைக் கணக்கெடுத்தபோது அரசு தோன்றியது. ஆள்பவர்களிடம் மக்கள் கணக்குக் கேட்கத் தொடங்கிய பிறகே அது மக்களுக்கானதாக மாறியது. அந்த மாற்றம் இன்னும் முடிந்தபாடில்லை. முடியாட்சி, குடியரசு, மக்களாட்சி என்ற பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, இந்த இரண்டாவது கணக்கு ஒரு நாட்டில் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதே அந்த ஆட்சியைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

அரசு இல்லாத நெடுங்காலம்

நம் மனித இனம் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அரசுகளின் வயது 5,000 சொச்சம். அப்படியானால் மனித வரலாற்றின் மிகப் பெரும்பகுதி அரசு இல்லாமலே கழிந்திருக்கிறது. உறவு, பெரியவர்களின் சொல், வழக்கம், ஊர்ப் பழிக்கு அஞ்சுதல் ஆகியவையே அப்போது மனிதரைக் கட்டுப்படுத்தின. பொருந்தாதவர்கள் பிரிந்து வேறு இடம் போனார்கள்.

மக்கள்தொகை பெருகினால் அரசு தானாக முளைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். துருக்கியில் உள்ள சாத்தல்ஹூயூக் என்ற தொல்லூர் அந்த எண்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கி.மு. 7100 வாக்கில் உருவான அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தெரு இல்லை, கூரை வழியாகவே உள்ளே இறங்கினார்கள். தோண்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே அரண்மனை என்றோ பொதுக் களஞ்சியம் என்றோ சொல்லத்தக்க எதுவும் அகப்படவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்த ஊர் அப்படியே நடந்திருக்கிறது.

பிறகு ஏன் அரசு வந்தது? பெரிய ஆறுகளைக் கட்டி ஆள, கால்வாய் வெட்ட, ஒரு மையமான அதிகாரம் தேவைப்பட்டது என்பது ஒரு பழைய விளக்கம். கேட்க நன்றாக இருந்தாலும் சான்றுகள் அதற்கு முழுதும் ஒத்துவரவில்லை. பல இடங்களில் பாசனத்தை ஊர்க்காரர்களே முறைவைத்து நடத்தியிருக்கிறார்கள். பாலித் தீவின் உழவர் சங்கங்கள் மலைச்சரிவு வயல்களுக்கு அப்படித்தான் பல நூற்றாண்டுகளாக நீர் பங்கிட்டு வருகின்றன.

மானிடவியலாளர் ராபர்ட் கார்னெய்ரோ 1970இல் முன்வைத்த விளக்கம் எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. அவர் இரண்டு நிலப்பரப்புகளை ஒப்பிட்டார். அமேசான் காட்டில் சண்டையில் தோற்ற கூட்டம் நகர்ந்து போய் வேறிடத்தில் பயிர் செய்யலாம், காட்டுக்கு எல்லையில்லை. தென் அமெரிக்காவின் பெரு என்ற நாட்டின் கடற்கரைப் பள்ளத்தாக்குகளிலோ ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, மற்ற இரு பக்கமும் பாலை. தோற்றவர்கள் ஓட இடமில்லை. வென்றவர்களுக்குத் திறை கட்டிக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியிருந்தது. அரசு உருவானது இரண்டாவது இடத்தில்தான்.

தானியத்தின் பங்கும் பெரிது. கோதுமை, பார்லி, நெல், சோளம் ஆகியவை மண்ணுக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி விளைகின்றன. ஒரே பருவத்தில் முற்றுகின்றன. அளக்கலாம், பிரிக்கலாம், வண்டியேற்றலாம், ஆண்டுக்கணக்கில் சேமிக்கலாம். வரி தண்டுபவனுக்கு இதைவிட வசதியான பொருள் ஏது? மரவள்ளிக் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்து வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம். அதிகாரி வரும் நாளில் வயல் வெறுமையாகத் தெரியும். பழைய அரசுகள் தானிய நிலங்களைச் சுற்றியே வேர்விட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தென் அமெரிக்காவின் இன்கா பேரரசு சற்று விலகிய எடுத்துக்காட்டு. அங்கே மக்காச்சோளத்தோடு உருளைக்கிழங்கும் முக்கிய உணவு. ஆனால் மலைக்குளிரில் உறையவைத்து, மிதித்து, வெயிலில் உலர்த்தி அதையும் களஞ்சியத்தில் வைக்கத்தக்க பொருளாக்கினார்கள். எழுத்தில்லாத அந்த அரசு முடிச்சிட்ட கயிறுகளில் அதற்குக் கணக்கு வைத்தது.

கொள்ளையும் காவலும்

அரசின் பிறப்பில் வன்முறைக்கு இடமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நிலப்பரப்பில் வன்முறையை முறையாகப் பயன்படுத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று கோரி, அதில் வெற்றியும் பெறும் அமைப்பே அரசு என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919இல் வரையறுத்தார். இன்றுவரை அதிகம் எடுத்தாளப்படும் வரையறை அதுதான். அதில் நீதி என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1920களின் சீனாவைப் பற்றிப் படித்தபோது ஒரு விந்தையைக் கண்டார். ஃபெங் யூஷியாங் என்ற போர்த்தலைவர் தன் வசமிருந்த பகுதியில் மக்களிடம் கடுமையாக வரி பிடுங்கினார். ஆனாலும் வந்து கொள்ளையடித்துவிட்டு ஓடும் கூட்டங்களைவிட அவரையே மக்கள் விரும்பினார்கள். காரணத்தை ஓல்சன் இப்படி விளக்கினார்: ஓடிப்போகும் கொள்ளையன் விதைநெல்லையும் விடமாட்டான், அவனுக்கு அடுத்த ஆண்டு பற்றிக் கவலையில்லை. ஓரிடத்தில் நிலைத்துவிட்டவனுக்கு அடுத்த ஆண்டும் அறுவடை வேண்டும். அதனால் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றக் கொள்ளையர்களை விரட்டி, சாலைக்கும் நீருக்கும் கொஞ்சம் செலவழிக்கவும் செய்வான்.

வள்ளுவர் இதே இடத்தை அறத்தின் பக்கமிருந்து தொட்டிருக்கிறார். கொடுங்கோன்மையைப் பேசும்போது, கோலொடு நிற்கும் மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலொடு நிற்கும் கள்வன் 'இடு' என்பது போன்றது என்கிறார். கோலும் வேலும் ஒன்றுபோலத் தோன்றும் நிலை எப்போதும் அருகிலேயே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வலிமை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு வீரனை நிறுத்த எந்த அரசனாலும் முடியாது. கீழ்ப்படிவது சரி என்று மக்களே நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைத் தெய்வத்திடமிருந்து பெற்றார்கள் பழைய மன்னர்கள். எகிப்தில் மன்னனே கடவுளின் வடிவம். சீனத்தில் இந்த எண்ணம் ஆழமான ஒரு திருப்பத்தைக் கண்டது. கி.மு. 1046 வாக்கில் ஷாங் மன்னரை வீழ்த்திய சௌ மரபினர், ஆளும் உரிமை வானம் தருவது, ஆனால் கொடுமை செய்தால் வானம் அதைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்றார்கள். தங்கள் கிளர்ச்சியை நியாயப்படுத்தத்தான் சொன்னார்கள். ஆனால் சொன்ன சொல் நின்றுவிட்டது. பின்வந்த ஒவ்வொரு கிளர்ச்சியாளனும் அதே நியாயத்தைக் கையிலெடுத்தான்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தெய்வீக உரிமைக்குப் போட்டியாகச் சமூக ஒப்பந்தம் என்ற கருத்து எழுந்தது. ஆங்கில உள்நாட்டுப் போரின் காலத்தில் வாழ்ந்த தாமஸ் ஹாப்ஸ், எல்லோரும் எல்லோரோடும் மோதும் நிலையிலிருந்து தப்ப மக்கள் தம் உரிமைகளை ஓர் இறைமையிடம், அதாவது எல்லோருக்கும் மேலான ஓர் அதிகாரத்திடம், ஒப்படைக்கிறார்கள் என்றார். ஜான் லாக், உயிர், உடைமை, சுதந்திரம் ஆகியவற்றைக் காக்கத்தான் அரசு, காக்கத் தவறினால் அதை மாற்றலாம் என்றார். அடுத்த நூற்றாண்டில் எழுதிய ரூசோவுக்கு இறைமை மக்களிடமிருந்து ஒருபோதும் அகலாதது.

அப்படி ஓர் ஒப்பந்தத்தில் யார், எப்போது கையெழுத்திட்டார்கள் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் ஒப்பந்தம் போன்ற ஒன்று வரலாற்றில் அரிதாக நடந்தும் இருக்கிறது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வட அமெரிக்கக் கரைக்கு வந்தவர்களில் 41 ஆண்கள், தங்களுக்குள் ஓர் ஆட்சியமைப்பை உருவாக்கி அதற்குக் கட்டுப்படுவதாக ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். நம் காலத்திலும் ஒன்று உண்டு. சோமாலியாவின் மைய அரசு 1991இல் நொறுங்கிய பிறகு, வடபகுதியான சோமாலிலாந்தின் குலப் பெரியவர்கள் 1993இல் போரமா என்ற ஊரில் கூடினார்கள். வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் 150 பேர். மாதக்கணக்கில் பேசினார்கள். ஆயுதங்களை என்ன செய்வது, பழைய கொலைகளுக்கு எப்படித் தீர்வு காண்பது, யார் தலைவர் என்று ஒவ்வொன்றாக முடித்தார்கள். பெரியவர்களுக்கென்று ஒரு மேலவையும் அமைத்தார்கள். அந்தப் பேச்சில் பெண்களுக்கு வாக்கு இல்லை என்பது பெரிய குறை. ஆனாலும் பெரியவர்கள் மரநிழலில் கூடிப் பேசித் தீர்க்கும் பழைய வழக்கத்திலிருந்து ஓர் ஆட்சியை எழுப்ப முடிந்தது. அதே ஆண்டுகளில் தெற்கே வெளியிலிருந்து கூட்டப்பட்ட மாநாடுகள் பலவற்றால் அது முடியவில்லை.

எதற்காக அரசு?

அரசின் நோக்கங்களை வரிசையாக அடுக்குவது எளிது: பாதுகாப்பு, நீதி, பொதுப்பணி, நலிந்தோர் நலன். ஒவ்வொன்றும் இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்த்தால் அதன் எடை புரியும்.

நீதிக்கு ஐஸ்லாந்து. கி.பி. 930இல் அங்கே குடியேறியவர்கள் ஆல்திங் என்ற பேரவையைத் தொடங்கினார்கள். மன்னன் இல்லை, படை இல்லை, காவலர் இல்லை. சட்டம் சொல்பவர் என்று ஒருவர் மட்டும் தேர்ந்தெடுக்கப்படுவார். ஆண்டுதோறும் கோடையில் பாறைகள் சூழ்ந்த திறந்தவெளியில் நின்று, சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டமும் எல்லோர் காதிலும் விழுந்துவிடும். நீதிமன்றங்களும் இருந்தன. தீர்ப்பை நிறைவேற்றுவது மட்டும் வென்றவரின் பொறுப்பு. பலமில்லாதவர் தம் வழக்கைப் பலமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்து அவர் நிழலில் ஒதுங்கினார். இப்படியே சில நூற்றாண்டுகளில் அதிகாரம் ஒரு சில குடும்பங்களின் கையில் குவிந்தது. 13ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குள் மூண்ட போர்கள் நாட்டைச் சீரழித்தன. 1262 தொடங்கி ஐஸ்லாந்தார் நார்வே மன்னரை ஏற்றுக்கொண்டார்கள். அழகான அமைப்புதான் அது. தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பொதுக் கை இல்லாததால் அது சாய்ந்தது.

பொதுப்பணிக்கு லண்டன். 1850களில் உலகின் மிகப் பெரிய நகரம் அது; மக்கள்தொகை 20 லட்சத்துக்கு மேல். வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பரவின. அவற்றின் கழிவெல்லாம் வாய்க்கால் வழியாகத் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அதே ஆற்றிலிருந்து தனியார் நிறுவனங்கள் குடிநீர் எடுத்து விற்றன. நகரமோ நூற்றுக்கணக்கான சிறுசிறு அமைப்புகளின் கையில் சிதறிக் கிடந்தது. ஒரு தெருவின் ஒரு பக்கத்துக்கு ஒன்று, மறுபக்கத்துக்கு இன்னொன்று என்ற நிலைகூட இருந்தது. 1853-54 காலரா லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் அளவில் சரியாகத்தான் நடந்துகொண்டார். தம் வீட்டு அழுக்கை வெளியே அனுப்பினார். எல்லோரும் சரியாக நடந்ததன் மொத்த விளைவு நஞ்சான ஆறு.

1858 கோடையில் வெப்பம் ஏறியபோது நாற்றம் தாங்க முடியாததாயிற்று. ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட பிரச்சினைக்குச் சுமார் 18 நாட்களில் சட்டம் நிறைவேறியது. பொறியாளர் ஜோசப் பாசல்கெட், ஆற்றுக்கு இணையாக 130 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய செங்கல் சாக்கடைகள் அமைத்துக் கழிவை நகரைத் தாண்டி ஆற்றின் கீழ்ப்போக்கில் வெகுதூரம் கொண்டுபோய் விட்டார். நாற்றமே நோயைப் பரப்புகிறது என்று அப்போது பெரும்பாலோர் நம்பினார்கள், அது தவறு. ஆனால் குழாய் சரியான இடத்துக்குப் போனது. 1866இல் காலரா மறுபடி லண்டனுக்கு வந்தபோது, சாக்கடை வேலை இன்னும் முடியாதிருந்த கிழக்குப் பகுதியைத்தான் அது கடுமையாகத் தாக்கியது. எந்தத் தனிமனிதராலும், எந்த வணிகராலும் கட்ட முடியாத ஒன்றைப் பொதுப் பணத்தில், பொது அதிகாரத்தில் கட்டியதால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். அரசு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இந்தச் சாக்கடையைத்தான்.

நலன் என்ற நோக்கம் பிந்தி வந்தது. 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமைக்கால ஓய்வூதியம் என்று ஜெர்மனியில் சட்டங்கள் இயற்றியவர் அதன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க். தொழிலாளர்கள் சோஷலிசத்தின் பக்கம் சாய்வதைத் தடுப்பதே அவரது எண்ணம். உள்நோக்கம் என்னவாக இருந்தாலும் முதியவரின் கைக்குப் பணம் போய்ச் சேர்ந்தது; பிறகு எந்த அரசாலும் அதை எளிதில் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெயர்களும் உண்மையும்

அரசுகளை வகைப்படுத்திய பழைய பட்டியல்களில் புகழ்பெற்றது அரிஸ்டாட்டிலுடையது. ஆள்பவர் ஒருவரா, சிலரா, பலரா என்பது ஒரு கேள்வி. பொதுநலனுக்காக ஆள்கிறார்களா, தன்னலத்துக்காகவா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்தால் ஆறு வகை. ஒருவரின் நல்லாட்சி முடியாட்சி, கெட்டால் கொடுங்கோன்மை. சிலரின் நல்லாட்சி மேன்மக்களாட்சி, கெட்டால் செல்வர் குழுவாட்சி. பலரின் ஆட்சியிலும் நன்றும் தீதும் உண்டு. மக்களாட்சியை அவர் தீதின் பக்கத்தில் வைத்தார். அது இன்று நமக்கு ஒப்பாது. ஆனால் தலைகளை எண்ணுவதோடு நிற்காமல் யாருக்காக ஆள்கிறார்கள் என்றும் கேட்டாரே, அந்த இரண்டாவது கேள்விக்கு மதிப்புக் குறையவில்லை.

இன்றைய நாடுகளை அளக்க முதலில் தலைமையிடத்தைப் பார்ப்பது வழக்கம். பரம்பரையாக வந்தால் முடியாட்சி, இல்லையென்றால் குடியரசு. இந்தப் பிரிவு சொல்வது மிகக் குறைவு. நார்வே, ஸ்வீடன், ஜப்பான் ஆகியவற்றுக்கு முடிசூடிய தலைவர்கள் உண்டு. அங்கெல்லாம் ஆட்சி தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம். வட கொரியாவின் பெயரில் ஜனநாயகமும் மக்களும் குடியரசும் மூன்றும் உண்டு. தலைமையோ தாத்தாவிடமிருந்து பேரன்வரை ஒரே குடும்பத்தில் இறங்கி வந்திருக்கிறது. மலேசியாவில் ஒன்பது அரச மரபினர் ஐந்தாண்டுக்கு ஒருவராக மாறி மாறிப் பேரரசராகிறார்கள். பூட்டானில் மன்னரே முன்னின்று தம் அதிகாரத்தைக் குறைத்து, மக்கள் கேட்காதபோதே 2008இல் பொதுத்தேர்தல் நடக்க வழிசெய்தார். சவூதி அரேபியா, புருனே போன்ற சில நாடுகளில் மட்டுமே மன்னரின் கையில் இன்றும் முழு அதிகாரம் இருக்கிறது.

ஆட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் இறக்க முடியும் என்பது இதைவிடப் பயனுள்ள கேள்வி. நாடாளுமன்ற முறையில் அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் பிரதமர். ஜெர்மனியில் ஒருபடி மேலே போய், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரை இறக்க முடியாது என்று 1949 அரசமைப்பில் எழுதினார்கள். அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்த முந்தைய குடியரசின் கசப்பான நினைவு அதற்குக் காரணம். அந்த வழியில் ஒருவர் இறக்கப்பட்டது 1982இல் ஒரே ஒருமுறை. அமெரிக்காவின் அதிபர் முறையில் தலைவருக்கும் அவைக்கும் தனித்தனித் தேர்தல். பதவிக்காலம் முடியும் முன் அதிபரை அகற்றக் குற்றச்சாட்டு விசாரணை ஒன்றே வழி, இதுவரை எந்த அதிபரையும் செனட் அப்படி அகற்றியதில்லை. பிரான்ஸ் 1958 முதல் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது.

கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்பது அதிகாரம் எத்தனை மட்டங்களில் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியது. சுவிட்சர்லாந்து, கனடா, இந்தியா, நைஜீரியா முதல் வகை. பிரான்ஸ், ஜப்பான் இரண்டாவது. இதைச் சுருக்கமாகவே விட்டுவிடுகிறேன், காகிதத்தில் கூட்டாட்சியாக இருந்த சோவியத் ஒன்றியம் ஒரே கட்சியின் உத்தரவில் இயங்கியதை நினைவூட்டிவிட்டு.

மக்களாட்சிக்கு வெளியே இருக்கும் ஆட்சிகளும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சீனா, வியட்நாம், கியூபா ஆகியவை ஒருகட்சி ஆட்சிகள். தலைவர் மாறினாலும் கட்சி நிற்கும். ஈரானில் தேர்தல் உண்டு, ஆனால் 12 பேர் கொண்ட காவலர் மன்றம் வேட்பாளர்களைச் சலித்த பிறகே மக்களிடம் வாக்குச்சீட்டு வருகிறது. ராணுவ ஆட்சிகள் பெரும்பாலும் தம்மைத் தற்காலிகம் என்றே அறிவித்துக்கொள்ளும். சிலியில் 1973இல் வந்த தற்காலிகம் 17 ஆண்டுகள் நீடித்தது. 1988 அக்டோபரில், அந்த ஆட்சியின் தலைவர் பினோசே தொடர வேண்டுமா என்ற ஒற்றைக் கேள்விக்குச் சுமார் 56 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அச்சத்தின் நடுவிலும் மக்கள் வாக்குச்சாவடிகளில் வரிசையில் நின்றதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

தேர்தல் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு 1933 மார்ச் சாட்சி. ஜெர்மன் நாடாளுமன்றம் 444க்கு 94 என்ற வாக்கில், சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்குத் தாரைவார்த்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஏற்கெனவே சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். அவையைச் சுற்றிச் சீருடை அணிந்த அடியாட்கள் நின்றார்கள். எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். இந்த அனுபவத்தைக் கண்ட தத்துவவாதி கார்ல் பாப்பர், யார் ஆள வேண்டும் என்பதைவிட, கெட்ட ஆட்சியாளரை இரத்தம் சிந்தாமல் எப்படி நீக்குவது என்பதே சரியான கேள்வி என்றார்.

திருப்பிக் கேட்ட கணக்கு

பாப்பரின் கேள்விக்கு முன்னதாக இன்னொன்று வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஆட்சி கெட்டது என்று மக்களுக்கு எப்படித் தெரியும்? கணக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏதென்ஸ் நகரத்தார் இதை உணர்ந்திருந்தார்கள். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தெனிஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே 500 பேர் அவை இருந்தது. பிற்காலத்தில் அதற்கும் பெரும்பாலான பதவிகளுக்கும் ஆட்கள் குலுக்கலில் எடுக்கப்பட்டார்கள். ஆண்டு முடிவில் ஒவ்வோர் அதிகாரியும் தணிக்கையாளர்கள் முன் வரவுசெலவை ஒப்படைக்க வேண்டும். எந்தக் குடிமகனும் குற்றம் சாட்டலாம். பெண்களும் அடிமைகளும் வெளியூராரும் அந்தக் குடிமக்களுக்குள் சேர்த்தியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதற்கு ஒப்பானவை. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆளெடுத்தார்கள். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். வரி செலுத்தும் சொந்த நிலம் வேண்டும். நிலமுள்ள பிராமணர்களுக்கான சபை அது. ஊரில் உழைத்த மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் அதில் உள்ள ஒரு விதி என்னைத் திரும்பத் திரும்ப ஈர்க்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. தவறு செய்தவர் தம் ஆளை நிறுத்தி உள்ளே வரும் வழியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அடைத்திருக்கிறார்கள்.

மன்னர்களிடம் கணக்குக் கேட்பது இதைவிடக் கடினமாக இருந்தது. இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ், 1629 முதல் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டு, கப்பல் வரி என்ற பெயரில் பணம் தண்டினார். ஜான் ஹாம்ப்டன் என்ற நிலக்கிழார் தம்மீது விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். அவருக்கு அது சிறு தொகை. பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் ஹாம்ப்டன் பக்கம். வழக்கில் மன்னர் வென்றார். ஐவரின் மறுப்பு நாடெங்கும் பரவியது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1649 ஜனவரியில் சார்லஸின் தலை துண்டிக்கப்பட்டது. 1689இல் இயற்றப்பட்ட உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் வரி இல்லை என்று எழுதி வைத்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1789இல் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகப் பேசியது: பொது அதிகாரி ஒவ்வொருவரிடமும் அவரது நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு.

கணக்குக் கேட்க ஏடு கைக்குக் கிடைக்க வேண்டும். அரசின் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று முதலில் சட்டம் செய்த நாடு ஸ்வீடன், 1766இல். இந்தியாவில் அதே உரிமை 2005இல் சட்டமானதற்குப் பின்னால் ராஜஸ்தான் கிராமங்கள் இருக்கின்றன. 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர், பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பதிவேடுகளையும் பில்களையும் எப்படியோ தேடிப் பிடித்து, ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். கூலி வாங்கியதாக எழுதப்பட்டிருந்தவர்களில் இறந்துபோனவர்களின் பெயர்கள் வந்தன. ஊரைவிட்டு எப்போதோ போனவர்களின் பெயர்கள் வந்தன. கட்டி முடித்ததாகக் கணக்கில் இருந்த கட்டடம் ஊரில் இல்லை. எழுத்தறியாத பெண்கள் எழுந்து நின்று, அந்த நாளில் தாங்கள் எங்கே இருந்தோம் என்று சொன்னார்கள்.

கணக்கு மேலே மட்டும் போய், கீழே திரும்பி வராத இடத்தில் நடப்பதற்கு 1958 சீனாவைவிடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. விளைச்சல் இலக்கை எட்டவில்லை என்று சொல்ல அதிகாரிகள் அஞ்சினார்கள். கிராமம் கூட்டிச் சொன்னதை வட்டம் இன்னும் கூட்டியது. மாகாணம் அதற்கும் மேலே. நாட்டின் மொத்தத் தானியம் 37.5 கோடி டன் என்று அறிவிக்கப்பட்டது. உண்மை 20 கோடி டன் அளவே என்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. இல்லாத விளைச்சலின் அடிப்படையில் கொள்முதல் நடந்தது, தானிய ஏற்றுமதியும் தொடர்ந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பட்டினியால் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள மக்களாட்சியில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று அமர்த்தியா சென் சொன்னதன் உட்பொருள் இதுதான். பசியைப் பற்றிய செய்தி மேலே போய்ச் சேர அங்கே பல வழிகள் இருக்கின்றன. சேர்ந்த பிறகு அதைப் புறக்கணித்தால் பதவி போகும்.

வருவாய் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கணக்கை மாற்றும். மக்களின் வரியை நம்பாமல் நிலத்தடி எண்ணெயை நம்பும் அரசுக்கு, மக்களிடம் பதில் சொல்லும் கட்டாயம் குறைவு. ஆனால் அது விதி அல்ல. நார்வேயில் 1969இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபோது, கேள்வி கேட்டுப் பழகிய நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1990இல் சட்டம் செய்து எண்ணெய் வருவாயைத் தனி நிதியாக ஒதுக்கி, அதன் முதலீடுகளை வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள்.

வலுவான மக்களாட்சிகளிலும் இது ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை அல்ல. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோரை வரித்துறை மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தியது. யாரைச் சந்தேகிப்பது என்று தரம் பிரித்ததில் கணினி நிரலுக்கும் பங்கு இருந்தது. குடியுரிமை எந்த நாட்டுடையது என்பதையும் அது கணக்கில் எடுத்தது. ஒரு கையெழுத்து விடுபட்டது போன்ற சிறு பிழைகளுக்காக, பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடுகள் போயின. என்ன தவறு என்று அறியத் தம் கோப்பைக் கேட்ட பெற்றோருக்கு, எழுத்துகள் கறுப்பு மையால் அடித்து மறைக்கப்பட்ட பக்கங்கள் கிடைத்தன. பத்திரிகையாளர்களும் ஓரிரு நாடாளுமன்ற உறுப்பினர்களும் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்ட பிறகே உண்மை வெளியே வந்தது. நாடாளுமன்ற விசாரணைக்குழு 2020 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவை பதவி விலகியது. இரண்டு மாதம் கழித்து நடந்த தேர்தலில் அதே பிரதமரின் கட்சியே முதலிடம் பெற்று, அவரே மீண்டும் பிரதமரானார். பெற்றோருக்கான இழப்பீடு அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது.